‘நம்பித்தான் செய்தேன்’ என்பவரிடம் சட்டம் என்ன கேட்கும்?

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வரும் சொத்து வழக்குகளில், பிரதிவாதியின் எதிருரையில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். ‘முழுக் கிரயத் தொகையும் கொடுத்து, வில்லங்கம் ஏதும் இருப்பது தெரியாமல், நல்லெண்ணத்தில் வாங்கியவர் இந்தப் பிரதிவாதி.’ திருட்டு நகையை அடகு பிடித்த கடைக்காரர், வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றி எழுதி அவதூறு வழக்கில் மாட்டிக்கொண்டவர், விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவிட்டவர், நடவடிக்கை எடுத்த அதிகாரி என எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இதே இடத்தில்தான்: ‘நான் நம்பித்தான் செய்தேன்.’

இப்படிச் சொல்பவர்களில் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் சிலர் ஜெயிக்கிறார்கள், சிலர் கஷ்டப்பட்டுச் சேர்த்த வீட்டையும் நிலத்தையும் இழக்கிறார்கள். மனசு சுத்தமாக இருந்தால் சட்டம் காப்பாற்றிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருப்பதால், தோற்றவர்களுக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. நீதிபதியால் யாருடைய மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. நம்புவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், யாரைக் கேட்டீர்கள், எந்தக் காகிதத்தைப் படித்தீர்கள், கண்ணில் பட்ட எதை விசாரிக்காமல் விட்டீர்கள் என்றுதான் கேட்க முடியும். அந்தக் கேள்வி எவ்வளவு கறாராக வரும் என்பது, நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நம் சட்டங்களில் நல்லெண்ணத்துக்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, வக்கீல்கள் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று சொல்லும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(22)-ஆம் பிரிவு. ஒரு காரியம் உண்மையிலேயே நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால், அதில் கவனக்குறைவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அது நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்கிறது அது. அதற்குப் பிறகு வந்த மத்தியச் சட்டங்களில் வேறு விளக்கம் தரப்படாத இடங்களில் இந்த அளவுகோல்தான் பொதுவாகப் பொருந்தும். மற்றொன்று அதைவிட மூத்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 52-ஆம் பிரிவு: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும், நம்பிய எதையும், நல்லெண்ணத்தில் செய்ததாகவோ நம்பியதாகவோ சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 2(11)-ஆம் பிரிவில் இதையேதான் சொல்கிறது. எந்த வழக்கை எத்தனை காலத்துக்குள் போட வேண்டும் என்று சொல்லும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் இந்தக் கறாரான அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது.

முதல் அளவுகோலில் ஏமாளிக்கு இடம் உண்டு. இரண்டாவதில் இல்லை. நேர்மையாக இருந்தேன் என்பதோடு, விழிப்பாகவும் இருந்தேன் என்று காட்ட வேண்டும்.

சில சட்டங்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. வேறொருவருடைய காசோலையைத் தன் வாடிக்கையாளருக்காக வசூலித்துக் கொடுத்த வங்கிக்கு 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 131-ஆம் பிரிவில் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ‘நல்லெண்ணத்துடனும் கவனக்குறைவு இல்லாமலும்’ வசூலித்திருந்தால்தான். கணக்குத் தொடங்க வந்தவர் யார் என்றே பார்க்காத வங்கி, ‘எங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அதே வழியில் போகிறது. நம் ஊரில் அதிகம் பேரை அடிக்கும் இடம் இதுதான் என்பதால், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காட்பாடி பக்கம் ஒரு மனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலமாகிவிட்டார். பட்டா மூத்த மகன் பேருக்கு மாறியிருக்கிறது. தம்பிக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. தங்கையைத் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மனையின் ஒரு மூலையில் ஓட்டு வீடு, அதில் அம்மா இருக்கிறார். மூத்தவர் மனையை விற்கிறார். தரகர் பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் நீட்டி, ‘பேப்பர் எல்லாம் கிளியரா இருக்குது சார், ஈ.சி.யில ஒரு என்ட்ரிகூட இல்ல’ என்கிறார். வாங்க வந்தவர் மனையைச் சுற்றி நடந்து பார்க்கிறார். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்புகிறார்.

ஈ.சி.யில் பதிவு இல்லை என்றால், தேடிய காலத்தில் அந்த அலுவலகத்தில் அந்தச் சொத்தின் மீது பத்திரம் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் பொருள். பாகம் பிரிக்காத சொத்தில் தம்பிக்கும் தங்கைக்கும் அம்மாவுக்கும் உள்ள பங்கு அதில் தெரியாது. அந்தப் பங்கு பத்திரத்தால் வந்ததல்ல, பிறப்பாலும் வாரிசுரிமையாலும் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாமல் இருந்தவர்களுக்கு, சம பங்கு வந்துவிட்டது. 2005-இல் அது நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் ஆனது. பட்டாவோ வருவாய்த் துறையின் கணக்கு. அதுவே உரிமை மூலம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டன. ஆனாலும் ‘பட்டா இருக்கு, அப்புறம் என்ன’ என்ற பேச்சு இன்னும் குறையவில்லை.

தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வாங்கியவர் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் பிடிப்பார். வெளிப்பார்வைக்கு உரிமையாளராக இருந்தவரிடம் விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கும் பிரிவு அது. ஆனால் உண்மையான உரிமைதாரர்களே வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ சம்மதித்து, அந்த ஆளை அப்படி முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். விற்பவருக்கு விற்க அதிகாரம் உண்டா என்று வாங்குபவர் நியாயமான அக்கறை எடுத்து விசாரித்திருக்க வேண்டும். அதற்கும் மேல்தான் நல்லெண்ணம் வருகிறது. தனக்கில்லாத உரிமையை யாரும் விற்க முடியாது என்பது பொது விதி. 41-ஆம் பிரிவு அதற்கு ஒரு விலக்கு என்பதால், இவை எல்லாவற்றையும் நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில்தான் விழும்.

அந்த ஓட்டு வீடுதான் இந்த வழக்கில் அவரைக் கவிழ்க்கும். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: ஒரு சொத்தில் யார் நேரில் அனுபவத்தில் இருக்கிறாரோ, அவருக்கு என்ன உரிமை உண்டோ, அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். ‘எனக்குத் தெரியாது’ என்பது அங்கே எடுபடாது. தலையசைத்துவிட்டுப் போகாமல், ‘அம்மா, இந்த இடத்த விக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? மத்த பசங்க ஒத்துக்கினாங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘எங்கிட்ட யாரும் சொல்லலியே கண்ணு’ என்று பதில் வந்திருந்தால் பேரம் அங்கேயே நின்றிருக்கும். கேட்காமல் போனதைத்தான் நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளும். பதிவான பத்திரங்களுக்கும் இதே விதிதான். படித்தாலும் படிக்காவிட்டாலும் தெரிந்ததாகவே கணக்கு.

இந்தப் பகுதியில் நிலம் வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மூலப்பத்திரங்களில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். 1989-இல் அது வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டானது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் காலப்போக்கில் மாறுவதுண்டு. எனவே இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போதாமல் போகலாம். அந்தக் கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்ததோ, அங்கேயும் தேடியவர்தான் அக்கறை எடுத்தவர். நல்ல பத்திர எழுத்தர்கள் இதைத் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

நகைக்கு வருவோம். ஒருவர் அடகுக் கடையில் ஐந்து பவுன் சங்கிலியை வைத்துப் பணம் வாங்கிப் போகிறார். ஒரு மாதம் கழித்து போலீஸ் வந்து அது திருட்டு நகை என்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கினால்தான் கடைக்காரர் மீது குற்றம். அடையாள அட்டை வாங்கி, ரசீது போட்டு, சந்தை நிலவரத்துக்கு ஏற்ற தொகை கொடுத்திருந்தால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நகை அவருக்கு நிற்காது. திருடனுக்கு உரிமை இல்லை, அதனால் அவன் கொடுத்த அடகுக்கும் உயிர் இல்லை. நகை சொந்தக்காரருக்கே போகும், கொடுத்த பணத்துக்குக் கடைக்காரர் அந்தத் திருடனைத்தான் தேட வேண்டும்.

அதே சங்கிலியைத் திருடாமல், நகைக் கடைக்காரரை ஏமாற்றி வாங்கி வந்து, விற்ற கடைக்காரர் அந்த வியாபாரத்தை ரத்து செய்வதற்குள் அடகு வைத்திருந்தால் கதை மாறிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 178ஏ பிரிவுப்படி, விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தில் அடகு பிடித்தவருக்குச் சரியான உரிமை கிடைக்கும். கடைக்காரரின் மனநிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், முடிவு நேர் எதிர். ஏமாந்து கொடுத்தவர், ஏமாந்தாவது தன் கையால் கொடுத்தார். திருட்டுக் கொடுத்தவர் எதையும் கொடுக்கவே இல்லை. குற்றமில்லாத இரண்டு பேரில் யார் நஷ்டப்படுவது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில், நல்லெண்ணம் பார்க்கப்படும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே.

குற்றவியலில் கவனம் என்ற நிபந்தனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு பழைய வழக்குகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1887-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒன்றில், முறையான அறுவைச் சிகிச்சைப் பயிற்சி இல்லாத ஒரு நாட்டு வைத்தியர் உள்மூலத்தைச் சாதாரணக் கத்தியால் அறுத்தார். ரத்தப்போக்கு நிற்காமல் நோயாளி இறந்துபோனார். அதற்கு முன் சிலருக்கு இதே போல அறுத்துக் குணமாக்கியிருக்கிறேன், நோயாளியின் நன்மைக்காகத்தான் செய்தேன் என்றார் வைத்தியர். அவர் எண்ணத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய அறிவே இல்லாமல் கத்தியைக் கையில் எடுப்பதே உரிய கவனம் இல்லாத செயல் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை.

1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கி வைத்த சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியே பாதி வேலூர் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சட்டத்தின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு, அவர் நன்மைக்காக, உரிய கவனத்தோடு செய்த சிகிச்சை தோற்றுப்போனால் அது குற்றம் ஆகாது. நினைவில்லாமல் கிடப்பவருக்கு அவசரத்தில் சம்மதம் இல்லாமலே செய்யலாம். பிழைக்க மாட்டீர்கள் என்று நல்லெண்ணத்தில் சொன்ன அதிர்ச்சியிலேயே நோயாளி இறந்தாலும் டாக்டர் குற்றவாளி அல்ல என்பதற்குத் தனிப் பிரிவே உண்டு. பழைய சட்டத்தில் 88, 92, 93 ஆகிய எண்களில் இருந்தவை இப்போது 26, 30, 31 ஆகியிருக்கின்றன. ஒருவரைப் புலி கவ்விக்கொண்டு ஓடும்போது, குண்டு அவர் மீதே படலாம் என்று தெரிந்தும் அவரைக் காப்பாற்றப் புலியைச் சுட்டவரை மன்னிக்கும் உதாரணம் 92-ஆம் பிரிவில் இருக்கிறது.

இன்னொரு வழக்கு 1959-இல் ஒரிசா உயர் நீதிமன்றம் தீர்த்தது. ரஸ்கோவிந்த்பூர் என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்று இருந்தது. பழைய இரும்பு வாங்க வந்த வியாபாரியும் அவருடைய நேபாள வேலைக்காரரும் நள்ளிரவில் அந்தப் பக்கமாகப் போகிறார்கள். அங்கே பேய் நடமாட்டம் உண்டு என்று ஊரே சொல்லிவைத்திருக்கிறது. காற்று பலமாக வீச, தூரத்தில் ஒரு வெளிச்சம் ஆடுகிறது, அதைச் சுற்றி உருவங்கள் அசைகின்றன. வேலைக்காரர் குக்ரிக் கத்தியை உருவிக்கொண்டு ஓடி வெட்டிவிட்டார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, நம் இலுப்பைக்கு உறவு மரமான மவுவாவின் அடியில் பூ பொறுக்கிக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் செத்துப்போனார், மற்றவர்களுக்குக் காயம்.

டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே, அப்படியானால் கவனம் எங்கே என்பது அரசுத் தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கவனம் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. பேயை முழுசாக நம்பும் ஒருவர், அந்த இரவில், அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது அவரிடம் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி விடுதலையை உறுதி செய்தது. செத்தவர் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தீர்ப்பை ஜீரணிப்பது கஷ்டம். ஆனாலும் இது சரி என்றே எனக்குப் படுகிறது. கத்தியை எடுத்த வைத்தியருக்கு யோசிக்க நேரம் இருந்தது, பயிற்சி பெற்ற வேறொருவரிடம் நோயாளியை அனுப்ப வழி இருந்தது. விமானத்தளத்தில் அது எதுவும் இல்லை.

இந்தத் தீர்ப்பைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டில் இருந்த போளூர் பக்கம், அத்திமூரில் நடந்ததை மறக்க முடியாது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி ஊர் ஊராகப் பயத்தை விதைத்திருந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். ‘கடத்த வந்தவர் என்று நம்பினோம்’ என்பது இங்கே ஏன் நிற்காது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஃபார்வர்டு செய்தி ஒன்றைத் தவிர அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை, காரில் வந்தவர்களிடம் நாலு கேள்வி கேட்டாலே உண்மை தெரிந்திருக்கும். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. நம்பியது உண்மையாகவே இருந்தாலும் செய்த காரியத்தைச் சட்டம் அனுமதித்திருக்க வேண்டும். கடத்தல்காரராகவே இருந்தாலும் பிடித்துப் போலீஸில் ஒப்படைக்கலாம். அடித்துக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அவதூறு வழக்கில் பொது நலனுக்காக நல்லெண்ணத்தில் எழுதினேன் என்பவரும் இதே கவனத்தைக் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ வாய்ப்புள்ளது என்ற அளவுக்குக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. ஆனால் ‘எல்லோரும் சொன்னாங்க, நானும் போட்டேன்’ என்பது அந்த அளவைத் தொடாது.

பயந்து ஒதுங்கி நிற்கும் நல்லவர்களுக்காகச் சட்டம் தன் அளவுகோலைத் தளர்த்திய இடமும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை விபத்து அறியாத ஊர் இல்லை. அடிபட்டவரைத் தூக்கினால் கேஸில் இழுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தில், தானாக முன்வந்து, பலன் எதிர்பார்க்காமல் உதவியவர் செய்த உதவியில் கவனக்குறைவு இருந்து, அதனால் அடிபட்டவருக்கு மேலும் கேடு வந்தாலும், அவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில் நின்று கூட்டத்தை விலக்கி ஒருவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுபவரிடம், கழுத்தை எப்படிப் பிடித்தாய் என்று சட்டம் கேட்காது. கேட்கவும் கூடாது.

சரி, நல்லெண்ணத்தை யார் நிரூபிக்க வேண்டும்? பெரும்பாலும் அதைக் கோருபவர்தான். ஆனால் ஒரு சூழ்நிலைக்குத் தனி விதி இருக்கிறது. ஒருவர் மற்றவரை முழுதாக நம்பிச் சார்ந்திருக்கும் உறவில் ஒரு பரிவர்த்தனை நடந்து, அதன் நேர்மை கேள்விக்கு வந்தால், நம்பப்பட்டவர்தான் தன் நல்லெண்ணத்தை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இது. அதிலேயே இரண்டு உதாரணங்கள்: கட்சிக்காரர் தன் வக்கீலுக்கே சொத்தை விற்றது, அப்போதுதான் மேஜரான மகன் அப்பாவுக்கு விற்றது. வயதான தாய் கூடவே இருக்கும் மகனுக்கு மட்டும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வழக்குகளில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டியது யார், மகன் இல்லாமல் தனியாக யாராவது அவருக்கு ஆலோசனை சொன்னார்களா, மற்ற பிள்ளைகளுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்கப்படும். உண்மையாகவே பார்த்துக்கொண்ட மகனுக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால் ஏமாற்றப்பட்ட தாய்மாருக்கு இதை விட்டால் வேறு துணை இல்லை.

இனி கெட்ட எண்ணம். இதில்தான் பெரிய குழப்பம் நடக்கிறது. நல்லெண்ணம் நிரூபணமாகவில்லை என்றால் கெட்ட எண்ணம் நிரூபணமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அகலமான இடம் இருக்கிறது. காட்பாடி மனையை வாங்கியவர் கவனக்குறைவானவர், அதனால் 41-ஆம் பிரிவு கிடைக்காது, அவ்வளவுதான். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல வேண்டுமென்றால் அதைத் தனியாக, விவரங்களோடு எழுதி, தனியாக நிரூபிக்க வேண்டும். கோபத்தில் எல்லோர் மீதும் ‘கூட்டுச் சதி’ என்று பிராதில் எழுதிவிட்டு, ஒன்றையும் காட்ட முடியாமல் நல்ல வழக்கையே பலவீனமாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

கெட்ட எண்ணத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் அது சுற்றுச் சூழலிலிருந்துதான் தெரிய வரும். ஏலச்சீட்டு நடத்தி ஊரெல்லாம் பாக்கி வைத்தவர், வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த வாரத்தில் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைக்கிறார். பணம் கைமாறியதற்குத் தடயம் இல்லை, எழுதிய பிறகும் அதே வீட்டில் அவரே இருந்து வாடகை வாங்குகிறார். கடன்காரர்களை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ செய்த இப்படிப்பட்ட மாற்றத்தைக் கடன்காரர்கள் ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு. அந்த வீட்டை உண்மையான விலை கொடுத்து, உள்விவகாரம் தெரியாமல் வாங்கிய மூன்றாம் ஆள் இருந்தால், அதே பிரிவு அவரைக் காப்பாற்றவும் செய்கிறது.

அரசு அதிகாரத்தில் கெட்ட எண்ணம் என்றால் தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு ஒன்று நாடு முழுவதும் மேற்கோளாகிறது. தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பாவை அரசு வேறு பதவிகளுக்கு மாற்றியது. பழிவாங்கும் நோக்கம் என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பரில் வந்த தீர்ப்பில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. கெட்ட எண்ணம் என்று குற்றம் சாட்டுபவர் மேல் நிரூபிக்கும் சுமை மிகக் கனமானது, சந்தேகம் எழலாம், ஆனால் சந்தேகம் நிரூபணத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். யார் மீது குற்றச்சாட்டோ அவரை வழக்கில் சேர்க்காமல் பொதுவாகக் குறை சொல்வதும் நிற்காது. ஒரு டிரான்ஸ்ஃபருக்கு எதிராக ரிட் போட நினைக்கும் ஊழியர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் தனிப்பட்ட பகையைக் காட்ட முடியாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. பஞ்சாபில் சந்தை வளாகத்துக்காக நிலம் எடுத்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. எந்த நோக்கத்துக்காக அதிகாரம் தரப்பட்டதோ அதற்குப் புறம்பான நோக்கத்துக்குப் பயன்படுத்தினால், அந்தப் புற நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், அது அதிகாரத்தின் மீது செய்த மோசடி. அதிகாரியின் மனசில் வஞ்சம் இருந்ததா என்ற தேடலே அங்கு வேண்டியதில்லை. கோப்பில் உள்ள காரணமும் சட்டத்தில் உள்ள காரணமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்.

நல்லெண்ணம் கொஞ்சமும் எடுபடாத இடமும் உண்டு, அது பாலாற்றங்கரையிலேயே எழுதப்பட்டது. தோல் தொழிற்சாலைகளின் கழிவால் ஆறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போயிருந்த நிலை அதில் பதிவாகியிருக்கிறது. வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. ஏற்றுமதியால் அன்னியச் செலாவணி வருகிறது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் உப்பேறிய கிணற்றுக்கு முன்னால், யார் எந்த எண்ணத்தில் கழிவை விட்டார்கள் என்ற கேள்விக்கு வேலை இல்லை. இப்படித்தான் இருக்க வேண்டும். பாதிப்பு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது விவசாயி போய் முதலாளியின் மனநிலையை நிரூபிக்க வேண்டும் என்று கேட்பது கொடுமை.

மனை வாங்கித் தோற்றவருக்குக் கடைசியாக ஒன்று மிஞ்சுகிறது. தனக்கே முழு உரிமை என்று நல்லெண்ணத்தில் நம்பி அந்த நிலத்தில் வீடு கட்டிவிட்டார், பிறகு மேலான உரிமை உள்ளவர் வந்து வெளியேற்றுகிறார் என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி கட்டியதன் மதிப்பைக் கேட்கலாம். இல்லையென்றால் உரிமையாளர் தன் உரிமையை அன்றைய சந்தை விலைக்கு அவருக்கே விற்க வேண்டும். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பது உரிமையாளர். தங்கை வழக்குப் போட்ட பிறகு அவசர அவசரமாக இரண்டாவது மாடி எழுப்பியவருக்கு இது பொருந்தாது. சம்மன் கையில் வாங்கிய பின் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

தவறான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வருஷங்களை இழந்தவருக்கும் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழி உண்டு. அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் முனைப்போடும் நடத்திய காலம் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இங்கே கறாரான அளவுகோல்தான். எந்த நீதிமன்றம் என்று வக்கீலிடம் கேட்டதற்கும், தவறு என்று தெரிந்த உடனே பிராதைத் திரும்பப் பெற்றுச் சரியான இடத்தில் போட்டதற்கும் தேதியோடு காகிதம் இருக்க வேண்டும்.